நம்பினால் போதுமா, சொல்லவும் வேண்டுமா?

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் இடங்களில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. விசுவாசம் நெஞ்சில் இருந்தால் போதாதா, ஊரறியச் சொல்லித்தான் ஆகவேண்டுமா? சொல்லத்தான் வேண்டும் என்பவர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தை எடுப்பார். அதில் பவுல் இருதயத்தின் நம்பிக்கையையும் வாயின் அறிக்கையையும் பிரிக்காமல் சேர்த்தே பேசுகிறார். மனிதர் முன்னிலையில் தம்மை ஒப்புக்கொள்கிறவனைப் பற்றி இயேசு சொன்ன மத்தேயு பத்தாம் அதிகாரமும் துணைக்கு வரும். வேண்டாம் என்பவரும் வெறுங்கையோடு வருவதில்லை. அதே மத்தேயுவில் நான்கு அதிகாரம் பின்னோக்கிப் போனால், தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களைக் கண்டித்து, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்லும் பகுதி இருக்கிறது. வசனத்துக்கு வசனம் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடிந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

சபை வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று கண்ணில் படுகிறது. சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடை, கேட்பது யார் என்பதைப் பொறுத்தே மாறி வந்திருக்கிறது. ஆளுநர் கேட்டபோது ஒரு விடை. சபை கேட்டபோது ஒரு விடை. வருவாய்த்துறை கேட்கும்போது இன்னொரு விடை. யாருமே கேட்காதபோது தானாகச் சொல்வது தனி ரகம். இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதுதான் நம்மிடையே நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் ஆளுநர். இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா – பொந்து மாகாணத்தை ஆண்ட இளைய பிளினி, ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை அவர் விசாரித்த முறை அதில் இருக்கிறது. "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்பார். ஆம் என்றால் மரண தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் முறை கேட்பார், மூன்றாம் முறை கேட்பார். அப்போதும் ஆம் என்றால் கொலைக்களம். ரோமக் குடிமகனாக இருந்தால் ரோமுக்கு அனுப்பிவைப்பார். இல்லை என்பவர் தெய்வங்களை அழைத்து, பேரரசரின் சிலைக்கு முன்னால் சாம்பிராணியும் திராட்சை ரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். திராயானின் பதிலும் நம்மிடம் இருக்கிறது: தேடிப் போய்ப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகார்களை ஏற்க வேண்டாம், கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் மறுத்தால் விட்டுவிடலாம். உலகத்தில் எல்லா நீதிமன்றமும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கும்போது இந்த ஒரு வழக்கில் மட்டும் மறுக்கச் சொல்லி அடிக்கிறார்கள் என்று, எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கிண்டல் செய்தார்.

ரோம அரசு நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கவே முயலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே எதையும் நம்பிக்கொள். எனக்கு வேண்டியது ஒரு சொல், ஒரு சிட்டிகை சாம்பிராணி. விசுவாசம் உள்ளே இருந்தால் போதும் என்று சொல்பவருக்கு இதைவிட வசதியான ஆட்சி கிடைத்திருக்காது. ஆதிச் சபை அந்த வசதியை ஏற்கவில்லை. அரசுக்கு வேண்டியிருந்ததும் சொல்தான், சபை கொடுக்க மறுத்ததும் சொல்தான்.

அதே சபை, கேட்காமல் போய்ச் சொல்பவனை மெச்சவும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா நகரில் ஆயர் பாலிகார்ப் கொல்லப்பட்டதை அந்தச் சபையே பிற சபைகளுக்கு எழுதி அனுப்பியது. அதில் குவிந்துஸ் என்றொருவன் வருகிறான். பிரிகியாவிலிருந்து வந்தவன், தானாக முன்வந்து அதிகாரிகளிடம் நின்றவன், மற்றவர்களையும் தூண்டிவிட்டவன். விலங்குகளைப் பார்த்ததும் நடுங்கிப்போய்ப் பலி கொடுத்துவிட்டு வெளியே வந்தான். தாங்களாகப் போய் நிற்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று அந்தக் கடிதம் வெளிப்படையாகவே எழுதுகிறது. பாலிகார்ப்போ நண்பர்கள் சொல்கேட்டு நகரை விட்டுப் போய் ஒரு பண்ணை வீட்டில் தங்கினார், பிறகு இன்னொன்றுக்கு மாறினார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். விளையாட்டரங்கில் ஆளுநர் கேட்டபோதுதான் சொன்னார்.

இந்த நிலைப்பாடு முழுமையாகச் சோதிக்கப்பட்டது 250ஆம் ஆண்டில். பேரரசர் தேசியுஸ் எல்லாக் குடிகளும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளை போட்டார். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன, எல்லாம் அந்த ஆண்டு ஜூன், ஜூலையைச் சேர்ந்தவை. படித்துப் பார்த்தால் நம் தாலுகா அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கும் மனுவின் சாயல் அப்படியே இருக்கிறது. பலிகளை மேற்பார்வை செய்யும் குழுவுக்கு, இன்ன ஊர், இன்னாருடைய மகன், வயது 72, வலது புருவத்தில் தழும்பு உண்டு, நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானம் ஊற்றி, பலியிட்டு, பலியுணவைச் சுவைத்தேன், சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கீழே அதிகாரிகளின் கையொப்பம், தேதி. ஒரு சான்றிதழ் முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திக்குரியது. அவளும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள். ஆக, கட்டளை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது, எல்லோருக்கும்தான். ஆனால் மாட்டிக்கொண்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கார்த்தேஜில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள். சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள். மூன்றாம் வகை ஒன்று இருந்தது: பலியும் இடவில்லை, சாம்பிராணியும் போடவில்லை, அதிகாரிக்குக் காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வாயால் எதையும் மறுதலிக்கவில்லையே, என் கை சுத்தம்தானே என்பது அவர்கள் வாதம். ஆயர் சிப்பிரியான் அதை ஏற்கவில்லை. தாளில் எழுதி வாங்கியதும் சொன்னதற்குச் சமம் என்றார். ஆனால் அவரே அந்த நாட்களில் நகரில் இல்லை. மறைந்திருந்து கடிதம் மூலம் சபையை நடத்தினார். ஓடிப்போனவர் நமக்கு நியாயம் சொல்வதா என்று முணுமுணுப்பு எழுந்தது, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சிறைக்குப் போய் உயிரோடு திரும்பியவர்கள், அறிக்கையாளர்கள் என்ற பெயரோடு, விழுந்தவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ரோமில் நொவாசியான் என்பவர் அதற்கு நேர்மாறாக, விழுந்தவருக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று தனிச் சபை கண்டார். 251இல் கார்த்தேஜ் ஆயர்கள் கூடி நடுவழி ஒன்று வகுத்தார்கள். தாள் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது, பலியிட்டவர்களுக்கு நீண்ட தவக்காலம். ஏழாண்டுகளுக்குப் பிறகு, 258 செப்டம்பர் 14 அன்று, சிப்பிரியானிடமே அந்தக் கேள்வி வந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை, தலை வெட்டப்பட்டது.

அடுத்து, சபை கேட்ட கேள்வி. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்து சபைக்கு முன் ஒப்புவிக்க வேண்டும் என்ற வழக்கம் நான்காம் நூற்றாண்டில் ஊன்றிவிட்டது. ரோமில் உயரமான இடத்தில் ஏறி நின்று சொல்ல வேண்டும். சொல்வன்மைக்குச் சிலையே வைக்கப்பட்ட பேராசிரியர் மாரியுஸ் விக்டோரினுஸ் நெடுநாள் ரகசியமாக நம்பி வந்தவர். கோயிலுக்கு வராமலே நான் கிறிஸ்தவன்தான் என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நண்பர் ஒப்பவில்லை. கடைசியில் அவர் வந்தபோது, கூச்சமுள்ளவர்களுக்குத் தருவதுபோல அவருக்கும் தனியாகச் சொல்லும் சலுகையைக் குருமார் நீட்டினார்கள். வேண்டாம் என்று மேடையேறினார். வாழ்நாளெல்லாம் மாணவர் கூட்டத்தின் முன் பேசிய எனக்கு இதை மட்டும் ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். அகுஸ்தினார் தம் வரலாற்றில் இதை எழுதும்போது, கூட்டம் அவர் பெயரைச் சொல்லிச் சலசலத்ததையும் பதிந்திருக்கிறார். அந்தச் சலுகை இருந்தது என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கூச்சப்படுகிறவருக்கு இடம் வைத்த சபை அது. பேச முடியாதவர்கள் சைகையால் சொல்வதையும் சபை ஏற்றே வந்திருக்கிறது. காது கேளாதோர் வழிபாடுகளில் பிரமாணம் இன்றும் கைகளால்தான் சொல்லப்படுகிறது. வாய் என்று பவுல் எழுதியதை உதடு என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் இதையெல்லாம் ஒரு விதியாக வகுத்தார். விசுவாசத்தை அறிக்கையிடுவது விசுவாசத்தின் வெளிச்செயல். அது கடமைதான், ஆனால் எந்நேரமும் எவ்விடத்திலும் அல்ல. பேசாமல் இருந்தால் கடவுளுக்குரிய மரியாதையோ அயலாரின் நன்மையோ கெடும் என்ற இடத்தில்தான் பேசியாக வேண்டும். இதற்குமேல் பெரிதாக யாரும் தெளிவுபடுத்திவிடவில்லை. சிக்கல் எப்போதும் அந்த இடம் எது என்பதில்தான்.

பதினாறாம் நூற்றாண்டின் பிரான்சில் அந்தச் சிக்கல் வெளிவந்தது. சீர்திருத்தக் கருத்தை மனதில் ஏற்றுக்கொண்டு, வெளியில் பழையபடி பூசைக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இராத்திரியில் இயேசுவிடம் வந்த நிக்கொதேமுவின் பெயரைச் சூட்டி, 1544இல் கால்வின் ஒரு நூலே எழுதினார். ஒன்று வெளிப்படையாக நில்லுங்கள், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போங்கள் என்பது அவர் கட்சி. ஜெனீவாவில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு எங்களைச் சாகச் சொல்கிறாரே என்று அப்போதே முறையிட்டார்கள். நிக்கொதேமுவுக்கும் இதில் கொஞ்சம் அநியாயம் நடந்துவிட்டது. யோவான் நற்செய்தியில் அவர் மூன்று முறை வருகிறார். முதலில் இரவில், பிறகு ஆலோசனைச் சங்கத்தில், விசாரிக்காமல் ஒருவனைத் தீர்ப்பதா என்று ஒற்றைக் குரலாக, கடைசியில், உரக்கப் பேசிய சீடர்கள் ஓடிவிட்ட பிறகு, ஏறத்தாழ நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் சுமந்து அடக்கத்துக்கு.

ஜப்பானில் நடந்தது இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுதும் தடை செய்யப்பட்டது. பிறகு நாகசாகிப் பகுதியில், கிறிஸ்துவோ மரியாளோ பொறித்த பலகையைத் தரையில் வைத்து ஆண்டுதோறும் மக்களை மிதிக்கச் செய்தார்கள். மிதித்தால் வீட்டுக்குப் போகலாம். ரோமின் சாம்பிராணிதான், காலுக்கு மாற்றிக் கொடுத்தது. பலர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டில் மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மரியாளைக் குழந்தை ஏந்திய கன்னோன் தெய்வமாக வடித்து வைத்துக்கொண்டார்கள். குருக்கள் இல்லாமல் இப்படியே ஏழு தலைமுறை. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டப்பட்ட ஓவுரா கோயிலுக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்து, உங்கள் நெஞ்சும் எங்கள் நெஞ்சும் ஒன்றே என்ற பொருள்பட பிரெஞ்சுக் குரு பெத்தித்ழானிடம் கிசுகிசுத்தார்கள். இரண்டாண்டு கழித்து அவர்கள் கிசுகிசுப்பதை நிறுத்தினார்கள். செத்தவருக்குப் பௌத்த மடத்தின் சடங்கு இனி வேண்டாம் என்று ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டின் வேறு பகுதிகளுக்குக் கடத்தப்பட்டார்கள், அறுநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1873இல் தடை விலகியது.

முன்னோர் மிதித்த அந்தப் பல்லாண்டுகளை மறுதலிப்பு என்று சொல்வதா? பலகையை மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் ஊர்த் தலைவரிடம் போய் நின்றவர்கள் என்பதை மறந்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. எல்லோரும் முதல் தலைமுறையிலேயே செத்திருந்தால் 1865இல் கதவைத் தட்ட ஆள் இருந்திருக்காது. இக்கித்சுக்கித் தீவில் இன்னொரு அதிசயம். லத்தீனும் போர்த்துக்கீசும் சிதைந்து கலந்த பழைய ஜெபங்களைப் பொருள் தெரியாமலே உரத்து ஓதி வந்தார்கள். தடை நீங்கிய பிறகும் கத்தோலிக்கச் சபையில் சேராமல் தங்கள் வழியிலேயே இருந்தார்கள். நம்பிக்கை மௌனமாகி உள்ளே தங்கியது உரகாமி. உள்ளடக்கம் கரைந்து ஓசை மட்டும் தங்கியது இக்கித்சுக்கி. இரண்டும் ஒரே நாட்டில், படகில் போகும் தூரத்தில்.

ஜெர்மனிக்கு இரண்டு வரி போதும். 1934 மே மாதம் பார்மனில் கூடிய சபையார், கார்ல் பார்த் முன்னின்று எழுதிய ஆறு கூற்றுகளால், கிறிஸ்துவைத் தவிர வேறொரு தலைவனை ஏற்க மாட்டோம் என்று நாஜி ஆட்சியில் வாய்விட்டுச் சொன்னார்கள். அந்த ஆறிலும் யூதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. போர் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில், போதிய துணிவோடு சாட்சி சொல்லவில்லையே என்று அவர்களே வருந்தி எழுதிக்கொடுத்தார்கள். உரக்கச் சொன்னவர்களும் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட முடியும் என்பதற்கு அது ஆதாரம்.

தமிழ் மண்ணுக்கு வருவோம். பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர் நீலகண்டன், குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுத் தளபதி தெ லனோயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் கைது. எருமையின் மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப்போன கதை குமரி மாவட்டத்தில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரசு அவர்மேல் சுமத்திய குற்றம் உண்மையில் எது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே தகராறு உண்டு. அவர் மனம் மாறவில்லை என்பதில் தகராறு இல்லை. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். அதற்கு முன்பே, சாதிப் பெயரான பிள்ளை அவர் பெயரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கோயில் எழுந்தது. பீடம் நடுவில், அங்கிருந்து கால்சட்டையின் இரு கால்கள்போல இரண்டு கூடங்கள் பிரியும். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு, இடையில் சுவர். ஒரே குருவானவரின் ஒரே பூசைக்கு வந்த இரு பக்கத்தாரும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி வந்தவர்கள்தான், புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கிறேன் என்ற பகுதி உட்பட. 1910இல் கௌசனேல் சுவாமியார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. வாயால் சொன்னதை மனது நம்பவில்லை என்பதற்குச் செங்கல்லால் ஆன சாட்சி அது. சொல்லாத நம்பிக்கையைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். நம்பாமல் சொல்வதைப் பற்றி அந்த அளவு பேசுவதில்லை.

சிவகாசியில் வேறு கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான நாடார் வீடுகளுக்கு மிஷனெரிப் பெண்கள் போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வீட்டுப் பெண்கள் சிலர் கிறிஸ்துவை நம்பினார்கள், ஞானஸ்நானம் பெறவில்லை. வீட்டுச் சடங்குகளில் மருமகளாகவும் மனைவியாகவும் நின்றபடியே உள்ளே ஜெபித்தார்கள், மகள்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எலிசா கென்ட் என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சென்னையில் ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை வழிபடுகிறவர்களைப் பற்றி ஹெர்பர்ட் ஹோஃபர் ஆராய்ந்து எழுதிய நூலை 1991இல் குருகுல் இறையியல் கல்லூரி வெளியிட்டது. புகுந்த வீட்டில் வாயைத் திறந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுவாள் என்ற நிலையில் இருப்பவளிடம் ரோமர் பத்தாம் அதிகாரத்தைக் காட்டுவதற்கு எனக்கு வாய் வராது. அக்குவினாஸுக்கும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி, யாரும் கேட்காமல் சொல்வது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மைக் கைமாறும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "ஸ்தோத்திரம், பிரதர்" என்று தொடங்கி, கடந்த ஆண்டு முழுதும் கண்மணிபோல் காத்தார் என்று நகர்ந்து, மகனுக்கு விசா, மகளுக்கு மெடிக்கல் சீட், வீட்டு லோன் என்று பட்டியல் முடியும். விழுந்துபோன தேர்வையும் வராத வேலையையும் பற்றிச் சாட்சி சொல்ல யாரும் எழுவதில்லை. இதில் எரிச்சல்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் சின்ன ஜெபவீடுகளில் இதற்கு மறுபக்கமும் உண்டு. சித்தாள் வேலைக்குப் போகிறவர், வீட்டு வேலை செய்கிறவர், பஞ்சாயத்திலோ சொந்த வீட்டிலோ கருத்துக் கேட்கப்படாதவர், நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று தன் கதையைத் தன் சொல்லில் சொல்கிறார். அவர் குரலை நாலு பேர் கேட்பது அங்கேதான். அதை அறிக்கை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அது சின்ன விஷயமல்ல. பேதுருவின் முதல் நிருபம் கேட்கிறது இவ்வளவுதான்: உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள். கேட்கிறவர் வேண்டும், சாந்தமும் வேண்டும். நாலு திசைக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊரை உறங்கவிடாத கூட்டம் இந்த இரண்டில் எதையும் நிறைவேற்றுவதில்லை.

கடைசியாக, தமிழகத்தில் இன்று உண்மையிலேயே கேள்வி கேட்கும் இடம்: வருவாய்த்துறை. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமயத்தை வெளிப்படையாக ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1948 டிசம்பர் 6 அன்று அரசமைப்பு அவையில் பரப்புதல் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தபோது, அது இருக்கட்டும் என்று வாதாடியவர்களில் எல். கிருஷ்ணசாமி பாரதியும் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் உண்டு, இருவரும் சென்னை மாகாணத்து இந்துக்கள். மறுபக்கம், 1950இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத சமயத்தை வெளிப்படையாக ஏற்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் விலக்குப் பெற்றார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே. பௌத்தர் விலக்குப் பெறுமுன், மகாராஷ்டிரத்தில் 1962இல் தனித்தொகுதியில் வென்ற மேஷ்ராம் பௌத்தராகிவிட்டார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், சமயத்தை ஏற்பது என்பது பலரறிய அறிவிப்பதுதான், அறிவித்துவிட்டால் போதும், சடங்கு சரியாக நடந்ததா என்று ஆராய வேண்டியதில்லை என்றது. பவுலின் விதியைச் சட்டம் எடுத்துக்கொண்டது, வேறு விளைவோடு.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறை ஆனாலும், பி.சி. பட்டியலில் சேர்க்கப்படுகிறார். சேரியில் வீடு, மேலத்தெருவில் அதே பேச்சு, கல்லறையில்கூடத் தனி இடம். சான்றிதழில் மட்டும் மாற்றம். எஸ்.சி. இட ஒதுக்கீடு, உள்ளாட்சித் தனி வார்டு, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் போய்விடும். ஆகவே சர்டிபிகேட்டில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்ற ஏற்பாடு பல ஊர்களில் உண்டு. கல்யாணத்தை ஆயர் ஜெபித்து நடத்துவார். பதிவு மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில். 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், ஞானஸ்நானப் பதிவேட்டையும் பெற்றோரின் திருமணப் பதிவையும் சான்றாகப் பார்த்த உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று தீர்த்தது. தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற தமிழ் வம்சாவளி உறுப்பினரின் தேர்தலை, அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி 2023இல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கும் சபைப் பதிவேடுகள்தான் விவாதப் பொருள். 2025இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. தலித் கிறிஸ்தவருக்கும் எஸ்.சி. தகுதி தர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையமும் அமைத்தது.

வாங்கிய தாளுக்காக ஒருவரை மறுதலித்தவர் என்பதா என்ற கார்த்தேஜின் கேள்வி, இப்படிச் சுற்றி நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வித்தியாசமும் உண்டு. தேசியுஸின் அதிகாரி உயிரைக் கேட்டான். தாசில்தார் அலுவலகம் மகளின் கல்லூரி இடத்தைக் கேட்கிறது. தாள் வாங்கியவரைக் கண்டிக்க எழும் குரல், பெரும்பாலும், சான்றிதழில் உண்மையை எழுதினாலும் எதையும் இழக்காத சாதிகளிலிருந்து வருகிறது. மறைந்திருந்து கடிதம் எழுதிய சிப்பிரியானைப் பார்த்து முணுமுணுத்தவர்களுக்கு இருந்த அதே காரணம் இப்படிக் கண்டிக்கிறவர்களைப் பார்த்து முணுமுணுப்பவர்களுக்கும் இருக்கிறது. நான் தாள் சரி என்று சொல்லவில்லை. அது இரண்டு தலைமுறைக்குள் பிள்ளைகளைக் குழப்பி, எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது என்று தெரியாமல் ஆக்கிவிடுகிறது. ஆனால் 251இல் அந்த ஆயர்கள் செய்தது ஒன்றுண்டு. தாள் வாங்கியவர்களை மொத்தமாகத் தீர்க்காமல் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே விசாரித்தார்கள்: எந்தச் சூழலில் வாங்கினாய், யாரைக் காப்பாற்ற வாங்கினாய் என்று. சினாடு தேர்தலுக்கும் அதைத் தொடரும் கோர்ட் செலவுக்கும் நேரம் காணும் நம் சபைகள் இந்தக் கேள்விகளுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். அன்று கிடைக்கும் பதில்களில் இறையியல் அதிகம் இருக்காது; ஹாஸ்டல் கட்டணம், வி.ஏ.ஓ. கையெழுத்து, வார்டு தேர்தல், எரிக்கப்பட்ட குடிசைக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்பவைதான் இருக்கும்.